ஒரு ஆர்கன்காரரைத் தேடி ஜமைக்கா: நாள்வாரியா எழுதினது

கிளம்புறதுக்கு முந்தின நாள், டொராண்டோ

பெட்டி கட்டியாச்சு. வீட்ல இன்னும் நம்பல. "ஜமைக்கா போறவங்க எல்லாம் பீச்சுக்குப் போறாங்க, நீங்க என்னன்னா எப்பவோ செத்துப்போன ஒரு ஆர்கன்காரர் வேலை பாத்த கட்டடத்தப் பாக்கப் போறேங்கிறீங்க, அதுவும் தனியா"ன்னு கேக்குறா. என்ன பதில் சொல்றது. ஆனா அவளுக்கு என் பழைய கதை தெரியும், அதனால திட்டிக்கிட்டே பருப்புப்பொடியும் கட்டி வெச்சுட்டா.

பழைய கதை என்னன்னா, மதுரைல காலேஜ் படிக்கிறப்பவும் அதுக்கு அப்புறமும் ஒரு ஆறு வருஷம் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்ட் வாசிச்சேன். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சி மீட்டிங்குக்கு முன்னாடி கூட்டம் சேக்குற கச்சேரி, எல்லாம் உண்டு. நோட்டீஸ்ல பாடுறவங்க பேரு கொட்டை எழுத்துல இருக்கும், மிமிக்ரிக்காரர் பேரு அதுக்குக் கீழ, ட்ரம்ஸ் வாசிக்கிறவர் பேரு கூட சில சமயம் வரும், எனக்கு எப்பவும் கடைசி வரி தான்: மற்றும் குழுவினர். ட்ரூப்லயும் என்னைய யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல, "ஏ கேசியோ, கார்டு பிடி" அவ்ளோ தான்.

கனடா வந்த புதுசுல ஒரு வேர்ஹவுஸ்ல வேலை. கூட வேலை பாத்த ஜமைக்கா அண்ணன் ஒருத்தர் பிரேக்ல போன்ல ஒரு பாட்டு போடுவார். பாட்டுன்னா வார்த்தையே கிடையாது, பேஸ் கிட்டார் ஒரே லைன சுத்தி சுத்தி வருது, மேல ட்ராம்போன் கொஞ்சம், அடில ஆர்கன் ஒண்ணு கொதிக்கிற சாம்பார் மாதிரி குமிழி விட்டுக்கிட்டே இருக்கு. இது யாரு வாசிச்சதுன்னு கேட்டேன். சவுண்ட் டைமென்ஷன்னார். அது பேண்டு பேரு, ஆர்கன் யாருன்னேன். அவருக்குத் தெரியல. சரி நம்ம ஆளு தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அந்த ஆளு ஜாக்கி மிட்டூ. முழுப்பேரு டோனட் ராய் மிட்டூ. 1948 மார்ச் 3, ஜமைக்கால பிரவுன்ஸ் டவுன்ல பொறந்தவரு. செத்தது எங்கன்னு பாத்தா இதே டொராண்டோ, 1990 டிசம்பர் 16, கேன்சர், வயசு வெறும் 42. நான் இருக்குற ஊர்ல அவரு முடிஞ்சாரு, அதனால இங்கேருந்து பின்னாடியே போய்ப் பாக்கலாம்னு ஒரு கிறுக்கு.

இன்னிக்கு சாயங்காலம் எக்லின்டன் வெஸ்ட்டுக்குப் போனேன், லிட்டில் ஜமைக்கான்னு சொல்லுவாங்க. ஒரு காலத்துல தெரு முழுக்க ரெக்கார்ட் கடையும் சலூனும் பேட்டி (நம்ம ஊர் பஃப்ஸ் மாதிரி) கடையுமா இருந்த எடம், 2011ல ரயிலுக்குத் தோண்ட ஆரம்பிச்சு வருஷக்கணக்கா மூடாம கெடந்ததுல பல கடை போயிருச்சு. ரெக்கே லேன்னு ஒரு சந்து இருக்கு (ரெக்கேங்கிறது ஜமைக்கா பாட்டு வகை), சுவர் நீளத்துக்கு பாட்டுக்காரங்க ஓவியம். கொஞ்ச நேரம் நின்னேன். 1967ல கனடா பாயிண்ட்ஸ் முறை கொண்டு வந்ததுக்கு அப்புறம் தான் கரீபியன்ல இருந்து இவ்ளோ பேர் வர முடிஞ்சது, மிட்டூவும் அந்த அலைல அறுபதுகள் கடைசில வந்தவர் தான். அதே பாயிண்ட் கணக்குல தான் நானும் வந்தேன், என்ன, எனக்கு ஐஈஎல்டிஎஸ் எழுத வேண்டி இருந்துச்சு.

நாள் 1, கிங்ஸ்டன்

நாலு மணி நேர ஃப்ளைட். கிங்ஸ்டன் ஏர்போர்ட் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு மண் திட்டுல இருக்கு, பாலிசாடோஸ்னு பேரு, ரெண்டு பக்கமும் தண்ணி, பாம்பன்ல பஸ்ல போன ஞாபகம் வந்துச்சு.

வேர்ஹவுஸ் அண்ணனோட மாமா ஒருத்தர் டாக்ஸி ஓட்டுறார்னு நம்பர் குடுத்திருந்தாரு, அவர் தான் கூப்பிட வந்தாரு. எழுபத்திரெண்டு வயசு. அதிகம் பேசல. கார்ல சர்ச் பாட்டு ஓடுது. நான் இந்தியன்னு தெரிஞ்சதும் கறி கோட், அதாவது ஆட்டுக்கறிக் கொழம்பு, சாப்பிடுவியான்னு மட்டும் கேட்டாரு. 1845ல முதல் கப்பல்ல இங்க வந்த ஒப்பந்தக் கூலிகள் கொண்டு வந்த கறி, இப்ப கல்யாணம், சாவு எதுவும் இங்க அது இல்லாம நடக்காது. கஞ்சாவுக்கும் இங்க கஞ்சான்னே தான் பேரு. கூலிங்கிற நம்ம வார்த்தையும் இருக்கு, ஆனா அது இந்தியர்களை இளக்காரமா சொல்ற வார்த்தையா இருக்கு, காதுல விழுறப்ப சுருக்குன்னுச்சு.

சாப்ட்டேன். ஆட்டுக்கறி எலும்போட, மஞ்சள் தூக்கலா, காரம் அவங்க ஸ்காட்ச் பானட் மொளகால இருந்து. நம்ம ஊர்க் கொழம்புக்குத் தூரத்து சொந்தம். தூங்கப் போறேன்.

நாள் 2, பிரென்ட்ஃபோர்ட் ரோடு

இதுக்குத் தான் வந்தேன்.

கிராஸ் ரோட்ஸ்னு ஒரு பெரிய ஜங்ஷன், பஸ்ஸும் ரூட் டாக்ஸியும் ஹாரன்லயே பேசிக்கிற எடம். அங்கேருந்து நடக்குற தூரம் தான், 13 பிரென்ட்ஃபோர்ட் ரோடு, மிட்டூ வாசிச்ச ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஸ்டுடியோ ஒன். இந்த ரோட்டுக்கு 2004ல ஸ்டுடியோ ஒன் புலவார்டுன்னு பேரு மாத்துனாங்க, அந்த விழா முடிஞ்ச நாலஞ்சு நாள்ல மொதலாளி காக்ஸன் டாட் காலமாயிட்டாரு. அதுக்கு முன்னாடி இந்தக் கட்டடம் தி எண்ட்னு ஒரு நைட் கிளப்பா இருந்துச்சாம். முடிவுன்னு பேரு வெச்ச எடத்துல இருந்து இவ்ளோ ஆரம்பிச்சிருக்கு.

உள்ள போகல. முன்கூட்டி யார்கிட்டயாவது பேசி வெச்சிருக்கணும், நான் வெக்கல, என் சோம்பேறித்தனம். வெளில சுவர் ஓரமா நின்னு ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கேட்டேன், ரோட்டுல போறவங்க பாத்துட்டுப் போறாங்க. இங்க ஒரு மாமரம் இருந்ததாவும், ஞாயித்துக்கிழமை அதுக்குக் கீழ தான் பாட வந்த பசங்கள வரிசைல நிக்க வெச்சு பாடச் சொல்லுவாங்கன்னும் அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க.

இப்ப வயச கணக்குப் பண்ணிப் பாருங்க. பாட்டி தான் பியானோ சொல்லிக் குடுத்தது, அப்ப இவருக்கு நாலு வயசு போல. கிங்ஸ்டன் வந்து கிங்ஸ்டன் காலேஜ்னு ஒரு ஸ்கூல், பேரு தான் காலேஜ். படிக்கிறப்பவே ரைவல்ஸ், ஷீக்ஸ்னு பேண்டுல வாசிக்கிறாரு. 1964ல ஸ்கேடலைட்ஸ்ங்கிற பேண்டு ஆரம்பிக்கிறப்ப இவருக்கு 16. கூட இருக்கவங்க யாருன்னா டாமி மெக்கூக், ரோலண்ட் அல்ஃபோன்ஸோ, டான் ட்ரம்மண்ட், லாய்ட் நிப், எல்லாம் முப்பத சுத்தின வயசுல இருந்த கை தேர்ந்த ஜாஸ் ஆளுங்க. நடுவுல மீசை முளைக்காத ஒரு பையன் பியானோல உக்காந்து அவங்க எல்லாருக்கும் தரை போட்டுக் குடுத்துட்டு இருக்கான். அவங்க வாசிச்சது ஸ்கா, ரெக்கேக்கு முன்னாடி இருந்த வேகமான பாட்டு வகை. அதுல பியானோவும் கிட்டாரும் ஆஃப்பீட்ட, அதாவது ரெண்டு தாளத்துக்கு நடுவுல விழுற அடிய, விடாம அடிக்கணும், அது ஒரு இஞ்ச் நகர்ந்தாலும் ஊதுறவங்க தடுமாறிடுவாங்க.

அந்த பேண்டு மொத்தமே பதினாலு மாசம் தான். 1965 புத்தாண்டு ராத்திரி ட்ரம்மண்ட் தன்னோட காதலி மார்கரீட்டாவ கொன்னுட்டு மனநல ஆஸ்பத்திரிக்குப் போனாரு, வெளிய வரல, அங்கேயே 1969ல செத்தாரு. பேண்டு அந்த வருஷம் ஆகஸ்ட்ல உடைஞ்சது. மெக்கூக் இன்னொரு ப்ரொட்யூசர் டூக் ரீட்கிட்ட ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவுக்குப் போனாரு, அல்ஃபோன்ஸோவும் மிட்டூவும் காக்ஸன்கிட்டயே இருந்து சோல் பிரதர்ஸ்னு ஆரம்பிச்சாங்க. அது சோல் வெண்டர்ஸ் ஆச்சு, அப்புறம் சவுண்ட் டைமென்ஷன் ஆச்சு. பேரு மாறிட்டே இருக்கு, ஆர்கன்ல உக்காந்திருக்கிற ஆளு மாறல. ஸ்டுடியோவோட மியூசிக்கல் டைரக்டர் அவரு தான், பாட வர்றவனுக்கு ட்யூன் திருத்தி, கார்டு சொல்லி, ரிதம் கட்டி, ரெக்கார்ட் பண்ணி. 1967ல லண்டன் டூரும் போய் வந்தாரு. இருபது இருபத்தோரு வயசுல கனடா போயிட்டாரு. அதாவது இன்னிக்கு வரைக்கும் ரெக்கே உலகம் திருப்பித் திருப்பி எடுத்துப் பாடுற மெட்டுகள்ல பாதி, ஒரு பையன் இருபத்தொண்ணு தாண்டுறதுக்குள்ள பண்ணி முடிச்சது. அந்த வயசுல நான் எஞ்சினியரிங் மேத்ஸ் அரியர் எழுதிட்டு இருந்தேன்.

கொஞ்சம் டெக்னிக்கலா சொல்றேன், வேணாம்னா தாண்டிப் போங்க. ஸ்கா ஓட்டமா ஓடும். 1966 வாக்குல அது மெதுவாகி ராக்ஸ்டெடி ஆச்சு. மெதுவானதும் பீட்டுக்கு நடுவுல எடம் வந்துருச்சு. அந்த எடத்த பேஸும் ஆர்கனும் புடிச்சுக்கிச்சு. நம்ம பக்கம் தாளத்துல அரை இடம் தள்ளி எடுக்குறதுன்னு சொல்லுவோம்ல, அத ஒரு பாட்டு முழுக்க விடாம பண்றது தான் ரெக்கே கீபோர்ட். வலது கை கிட்டாரோட சேந்து ஆஃப்பீட்ல வெட்டும், இடது கை அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மெல்லமா தட்டும், இடம் வலம் இடம், இடம் வலம் இடம். பபுள்னு பேரு. சத்தமா வாசிச்சா கெட்டுப்போச்சு. அது இருக்குன்னு தெரியக்கூடாது, எடுத்துட்டா பாட்டு செத்துரும். நான் ஆறு வருஷம் கீபோர்ட் வாசிச்சவன், இத ஒரு மாசம் பழகிப் பாத்தேன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல இடது கை வலது கை கூடப் போய் ஒட்டிக்கிது. மிட்டூ இத அடில விட்டுட்டு மேல ஜாஸ் மாதிரி தனியா ஒரு கதை பேசுவாரு பாருங்க, அதான் வித்தை. அமெரிக்க சோல் ஆர்கன் ஆளுங்க மாதிரி அலறல் எல்லாம் கிடையாது, திண்ணைல உக்காந்து பேசுற குரல்.

சும்மா நிக்கிறேன்னு பாத்து எதிர்ல பழக்கடை அம்மா ஒரு மாம்பழம் குடுத்தாங்க. நம்பர் லெவன்னு ரகத்துக்கே பேரு. 1782ல ஒரு பிரெஞ்சுக் கப்பல இங்கிலீஷ்காரன் புடிச்சப்ப அதுல இருந்த செடிகள்ல வெறும் நம்பர் மட்டும் ஒட்டி இருந்துச்சாம், பதினொண்ணாவது செடி தான் இது, பேரு தெரியாததால நம்பரே பேரா நின்னுருச்சு. நார் அதிகம், ஆனா இனிப்பு, பல்லுல சிக்கி சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்துச்சு.

நாள் 3, ஆரஞ்ச் ஸ்ட்ரீட்

டவுன்டவுன். ஆரஞ்ச் ஸ்ட்ரீட்ட ஒரு காலத்துல பீட் ஸ்ட்ரீட்டுன்னே சொல்லுவாங்க, கடைக்குக் கடை ஸ்பீக்கர் வெளிய வெச்சு போட்டி போட்ட தெரு, பிரின்ஸ் பஸ்டர் கடை எல்லாம் இங்க தான். இப்ப பழைய டயர், செருப்பு, போன் கவர். ரெக்கார்ட் கடைன்னு தேடித் தான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சேன்.

உள்ள கூலர் காத்து, தூசி, ஏழு இஞ்ச் ரெக்கார்டு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா. ரியல் ராக் கேட்டேன். 1967ல பண்ணது, நான் வேர்ஹவுஸ்ல கேட்டது அது தான். வின் கோர்டன் ட்ராம்போன், போரிஸ் கார்டினர் பேஸ், மிட்டூ ஆர்கன். இந்த ஒரு ரிதம் (பாட்டுக்கு அடில ஓடுற இசை) மேல எத்தனை நூறு பேர் பாடியிருக்காங்கன்னு எண்ணி முடியாது. வில்லி வில்லியம்ஸ் இதுக்கு மேல தான் ஆர்மகிடியன் டைம் பாடினாரு, அத லண்டன்ல தி க்ளாஷ்னு பங்க் பேண்டு 1979ல எடுத்துப் பாடுச்சு. இங்க அதுல தப்பு இல்ல, ஒரு ரிதம் ஹிட் ஆனா அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, யாரு வேணா வாளி விடலாம். ஆனா கிணறு வெட்டினவனுக்கு என்ன கெடச்சதுன்னு கேட்டா தான் எல்லாரும் வானத்தப் பாக்குறாங்க.

கடைக்காரர் எடுத்துக் குடுத்த ரெக்கார்டு லேபிள்ல பாத்தேன். சவுண்ட் டைமென்ஷன். அவ்ளோ தான். மற்றும் குழுவினர்!

ஃபுல் அப்னு இன்னொண்ணு இருக்கு, அதோட கதை இன்னும் தமாஷ். அதுவும் சவுண்ட் டைமென்ஷன், அறுபதுகள் கடைசி. பேஸ் லீராய் சிப்ல்ஸ், ஹெப்டோன்ஸ் பாடகர், அவர பேஸ் கிட்டார் எடுக்க வெச்சதே மிட்டூ தான், தனக்கு ஒரு ட்ரியோல வாசிக்க ஆள் வேணும்னு. 1981ல மைட்டி டயமண்ட்ஸ் இந்த ரிதம் மேல பாஸ் த கூச்சின்னு பாடுறாங்க. கூச்சின்னா கஞ்சா புடிக்கிற கலயம். அடுத்த வருஷம் இங்கிலாந்துல பர்மிங்காம் பள்ளிக்கூடப் பசங்க, மியூசிக்கல் யூத், அத எடுத்து பாடுறப்ப கூச்சி டச்சி ஆயிருச்சு, டச்சின்னா சோறாக்குற சட்டி. கலயம் போய் சட்டி வந்து, பிரிட்டன்ல நம்பர் ஒன். அதுல எழுதினவங்க பட்டியல்ல மிட்டூ பேரு வந்துச்சு. சட்டில கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருந்துச்சேன்னு ஒரு சந்தோஷம் எனக்கு.

இந்தத் தெருல இன்னும் எத்தனை கீபோர்ட்காரங்க நடந்திருப்பாங்கன்னு யோசிச்சுட்டே நடந்தேன். வின்ஸ்டன் ரைட், கிளாட்ஸ்டன் ஆண்டர்சன், ஆன்ஸல் காலின்ஸ். வின்ஸ்டன் ரைட் வாசிச்ச லிக்விடேட்டர் இன்னிக்கும் செல்சி ஃபுட்பால் கிரவுண்டுல ஆயிரக்கணக்கான பேர் கைதட்டிக் கேக்குற பாட்டு, ரெக்கார்டுல பேரு ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ். ஹாரி ஜே யாருன்னா ப்ரொட்யூசர்.

ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி இதெல்லாம் புலம்புனேன். "சரிங்க, அவரு நோட்டீஸ்லயும் பேரு போடல, உங்க நோட்டீஸ்லயும் பேரு போடல, அதுக்காக நீங்களும் அவரும் ஒண்ணா"ன்னு கேட்டா. வெச்சுட்டேன்.

நாள் 4, பிரவுன்ஸ் டவுன்

விடியக்காலை டாக்ஸி பெரியவரோட கிளம்பினோம். கிங்ஸ்டன்ல இருந்து வடக்குக் கரைக்கு சைனாக்காரங்க போட்ட புது ஹைவே, 2016ல முழுசாத் தெறந்தது, மலைய நேரா ஏறுது, வழில ரெண்டு கார் பானெட்ட தெறந்து புகை விட்டுட்டு நிக்குது. பெரியவர் ஏசிய அணைச்சுட்டாரு, வண்டி சூடாயிரும்னு. வழி முழுக்க நான் அவருக்கு மிட்டூ புராணம். எந்த வருஷம் எந்த பேண்டு, பபுள்னா என்ன, எல்லாம் விளக்குறேன். அவர் "ஆமா ஆமா"ன்னு ஓட்டிட்டு வர்றாரு.

கடல் ஓரமா ரன்அவே பே வரைக்கும் போய் அங்கேருந்து மேல ஏறணும். செயின்ட் ஆன் பாரிஷ், பாரிஷ்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மண்ணு செக்கச்செவேல்னு இருக்கு, பாக்சைட். நம்ம ஊர் செம்மண்ண விடவும் செவப்பு, சட்டைல பட்டா போகாதுன்னு பெரியவர் சொன்னாரு, போகல.

இந்த ஒரு பாரிஷ்ல யாரெல்லாம் பொறந்திருக்காங்கன்னு பாருங்க. கறுப்பின மக்கள் தலைவர் மார்கஸ் கார்வி செயின்ட் ஆன்ஸ் பேல, ரெக்கே பாடகர் பர்னிங் ஸ்பியரும் அங்க தான், பாப் மார்லி நைன் மைல்ல. நைன் மைல் பிரவுன்ஸ் டவுன்ல இருந்து கொஞ்ச தூரம் தான், அதனால என்ன ஆச்சுன்னா ஊருக்குள்ள எறங்கின நிமிஷத்துல இருந்து பாக்குற ஆள் எல்லாம் "நைன் மைல்? மார்லி? வா நான் கூட்டிட்டுப் போறேன்"கிறாங்க. இல்லங்க ஜாக்கி மிட்டூ பொறந்த ஊருன்னு வந்தேன்னா, "ஓ, யா, யா... நைன் மைல் பக்கம் தான்"கிறாங்க. ஒரு பையன் மட்டும் போன்ல தேடிப் பாத்துட்டு, "அட ஆமா, நம்ம ஊரா?"ன்னு என்கிட்டயே கேட்டான்.

சந்தை நாள். மலைச்சரிவுல ஊரு, கடைகள் ரோட்டுல வழியுது, சேனை மாதிரி பெரிய பெரிய யாம் கெழங்கு, ஈரப்பலா, பச்ச வாழக்கா, கட்டுக் கட்டா கலலூ கீரை. கெழங்கு விக்கிற அம்மா ஒவ்வொரு கெழங்குக்கும் பேரு சொல்லி சமைக்கிற முறை வேற சொன்னாங்க, மஞ்ச யாம வேக வெச்சு அப்படியே திங்கணும், வெள்ளைய சூப்புல போடணும்னு, நான் டொராண்டோ போய் இத எங்க வாங்குறதுன்னு யோசிக்காம தலையாட்டிட்டு இருந்தேன். ஊருக்கு பிரவுன்னு பேரு வந்தது ஹாமில்டன் பிரவுன்னு ஒரு அயர்லாந்து ஆளால, நூத்துக்கணக்கில அடிமைகள வெச்சிருந்தவன், சர்ச் பக்கத்துலயே பொதைச்சிருக்காங்க. ஊருக்கே பேரு அவன் பேரு. பாட்டி கிட்ட பியானோ கத்துக்கிட்ட பேரன் பேர்ல நான் நடந்த தெருவுல ஒரு பலகை கூட என் கண்ணுல படல.

எந்த வீடுன்னு தேடுற எண்ணமே எனக்கு இல்ல. ஒரு மேட்டுல உக்காந்து பேட்டி தின்னுட்டு, எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு பாத்துட்டு இருந்தேன். 1950கள்ல இந்த மலைக்கு ஒரு பியானோவ எப்படி ஏத்தியிருப்பாங்க? எங்க வீட்ல எனக்கு ஒரு சின்ன கேசியோ வாங்கிக் குடுக்கவே எங்கப்பா சீட்டு எடுத்தாரு.

நாள் 5

வயிறு சரியில்ல. ஆக்கிங்கிற இந்த ஊர்ப் பழமா, பேட்டியா தெரியல. ரூம்லயே கெடந்தேன். பெரியவர் இஞ்சி டீ கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு.

கெடந்தபடியே மிட்டூவோட கனடா காலத்து ரெக்கார்டுகளக் கேட்டேன். 1971ல விஷ்போன், வயலின் கோஷ்டி எல்லாம் வெச்சு பளபளன்னு இருக்கும். ஸ்டுடியோ ஒன் பித்தர்கள் பல பேருக்கு இது ஆகாது, தண்ணி கலந்த பாலுன்னுவாங்க. எனக்குப் புடிக்கும். மைனஸ் இருபதுல லவுஞ்சுல உக்காந்து, சாப்பிட வந்தவங்க பேசிட்டு இருக்கப்ப பின்னாடி வாசிச்ச மனுஷன், அந்தக் கூட்டத்துக்கு ஏத்த மாதிரி தான் வாசிக்க முடியும். கல்யாண ரிசப்ஷன்ல வாசிச்சவங்களுக்கு இது தெரியும், நம்ம வாசிக்கிறப்ப பந்தில ரசம் பத்தி சண்டை நடந்துட்டு இருக்கும். அப்பவும் அவரு சும்மா இல்ல, ஸ்டைன் ஜாக்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சாரு, டொராண்டோ ஜமைக்கா பசங்களுக்கு வழி காட்டினாரு, நடுநடுவுல ஜமைக்கா திரும்பி வந்து ப்ரொட்யூசர் பன்னி லீக்கும், பின்னாடி பாடகர் சுகர் மைனாட் கூடவும் வாசிச்சாரு. 1989ல பழைய ஸ்கேடலைட்ஸ் திரும்ப சேந்தப்ப கொஞ்ச நாள் அதுலயும் இருந்தாரு. அடுத்த வருஷம் போயிட்டாரு.

நாள் 6, ஞாயிறு, ரே டவுன்

வயிறு பரவால்ல. ராத்திரி பெரியவர் தானா வந்து, "வா ரே டவுனுக்குப் போலாம்"னாரு. கடலோரம், மீன்காரங்க இருக்குற பகுதி, பக்கத்துலயே பெரிய ஜெயில். ஞாயித்துக்கிழமை ராத்திரி இங்க தெருவுலயே ஸ்பீக்கர் அடுக்கி பழைய பாட்டு போட்டு ஆடுறது பல வருஷ வழக்கம். 1964 ஜூன்ல ஸ்கேடலைட்ஸ் முதல் கச்சேரி நடந்த ஹை ஹேட் கிளப்பும் இந்த ரே டவுன் தான், அதையும் நான் காருக்குள்ள அவருக்கு விளக்கிட்டுத் தான் போனேன்.

பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் இல்ல, சுக்குச் சூப்பு மாதிரி ஒரு ஆட்டுத்தலை சூப்பு, மேனிஷ் வாட்டராம், வித்துட்டு இருந்தாங்க, வேணாம்னுட்டேன். அப்புறம் கூட்டம் வந்துச்சு. அறுபது எழுபது வயசுக்காரங்க, இஸ்திரி போட்ட பேண்ட், தொப்பி, அம்மாங்க எல்லாம் மினுமினு கவுன். ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் பீரோ உயரம். பேஸ் காதுல கேக்கல, நெஞ்செலும்புல கேக்குது. திடீர்னு ரியல் ராக் ரிதம். ஒரு பாட்டு, உடனே நிறுத்தி அதே ரிதம்ல இன்னொருத்தர் பாட்டு, அப்புறம் இன்னொண்ணு, நாலு அஞ்சு வரிசையா. அந்த சத்தத்துல அந்த ஆர்கன் குமிழி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது, ஹெட்ஃபோன்ல இத்தனை வருஷம் நான் கேட்டது வெறும் நிழல்.

பெரியவர் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடுறவர் பேரு சொல்லிட்டே வந்தாரு. நான் ஒரு குறும்புல, வாத்தியார் மாதிரி, "ஆர்கன் யாரு சொல்லுங்க"ன்னேன்.

ஏதோ அடுத்த வீட்டுக்காரரப் பத்திக் கேட்ட மாதிரி பாத்தாரு. "யாரா? ஜாக்கி தான்."

அப்புறம் மெல்ல சொன்னாரு. 1991 ஜனவரில டொராண்டோல இருந்து ஒடம்பக் கொண்டு வந்து நேஷனல் அரினால வெச்சப்ப இவரும் போயிருக்காரு, பின்னாடி நின்னாராம். காக்ஸன் வந்திருந்தாரு, பன்னி லீ வந்திருந்தாரு, பாட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா ஏறிப் பாடினாங்களாம். இவர் சின்ன வயசுல கிராஸ் ரோட்ஸ்ல தான் இருந்திருக்காரு, சாயங்காலம் பிரென்ட்ஃபோர்ட் ரோட்டு வழியா நடந்தா சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ரிதம திரும்பத் திரும்ப வாசிக்கிறது கேக்கும்னாரு.

நாலு நாளா நான் இந்த மனுஷனுக்கு ஜாக்கி மிட்டூ யாருன்னு பாடம் எடுத்திருக்கேன். பபுள்னா என்னன்னு ஸ்டியரிங் மேல அவருக்குத் தட்டிக் காட்டினேன். எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல. நல்லா வேற சொல்லிட்டு வந்த."

நாள் 7

ஏர்போர்ட். காலைல கடல் ஓரம் போற ரோட்டுல இன்னிக்கு சர்ச் பாட்டு இல்ல, பெரியவர் ஏதோ பழைய ஆர்கன் இன்ஸ்ட்ருமெண்டல் போட்டு விட்டிருந்தாரு, நான் வாயே தெறக்கல. பாதி வழில அவரா கேட்டாரு, நீயும் கீபோர்ட்காரன்னு மருமகன் சொன்னான், உன்ன உங்க பேண்டுல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு. கேசியோன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. இங்கயும் ஒருத்தன் இருந்தான், எங்க சர்ச்சுல, அவனுக்கு யமஹான்னு பேருன்னாரு.

எறங்குறப்ப பெட்டிய எடுத்துக் குடுத்துட்டு முஷ்டிய என் முஷ்டியோட முட்டி, "லிக்கிள் மோர், கேசியோ"ன்னாரு. அப்புறம் பாக்கலாம்னு அர்த்தம். ரெக்கார்டு கேபின் பேக்ல தான் இருக்கு, செக்யூரிட்டில ரெண்டு தடவை வெளிய எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க.